ஒற்றைக் கண்ணுக்கு ஒரு பதிகம்!

சென்ற மாதம் வந்த கடிதம் ஒன்று, இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இருந்து கிழித்த தாளில், நிதானமான கையெழுத்தில் ஒரு வாசகி எழுதியிருந்தார். ஊர், பெயர் எதுவும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கணவர் பத்து மாதமாகப் படுக்கையில். கடைக்குப் போய்க்கொண்டிருந்த மகனுக்கும் வேலை போய்விட்டது. நிச்சயமாகியிருந்த மகளின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. இவ்வளவையும் நான்கே வரிகளில் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்:

'கஷ்ட காலத்திலும் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதுகிறீர்கள். சாயங்காலம் விளக்கு ஏற்றி கை கூப்புகிறேன். வாயில் எதுவும் வரவில்லை. எதற்கு நன்றி சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள். நன்றி சொல்லாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா?'

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். 'எல்லாம் நன்மைக்கே' என்று எழுதுவது எளிது. அதைப் படிக்கும் அவருக்கு எப்படி இருக்கும்?

இந்த நிலையில்தான், திருவள்ளூருக்கு அருகில் உள்ள பூண்டிக்குப் போகும் வாய்ப்பு அமைந்தது. அந்த அம்மாவின் கேள்விக்கான பதிலை அங்கே ஒருவர், கையில் கோலோடு நின்றபடி வைத்திருந்தார். அவர் வேறு யாருமல்ல... நம் சுந்தரமூர்த்தி நாயனார்தான்!

வாருங்கள், அவரோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவோம். ஒற்றியூரில் ஆரம்பித்து ஆரூர் வரையிலான நடை அது.

சத்தியம் மீறிய தோழர்

சுந்தரர், 63 நாயன்மார்களில் ஒருவர். அவர் பாடியவை 7-ம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. சிவபெருமானையே தோழனாகக் கொண்டதால், அவருக்குத் 'தம்பிரான் தோழர்' என்றே ஒரு பெயர் உண்டு. பொன் வேண்டுமா, நெல் வேண்டுமா... எதுவானாலும் உரிமையோடு கேட்பார். இறைவனும் கொடுப்பார்.

சென்னையின் வட பகுதியில் உள்ள திருவொற்றியூருக்கு வந்தபோது, கோயிலில் மாலை தொடுக்கும் தொண்டு செய்துவந்த சங்கிலியாரை மணக்க விரும்பினார். ஏற்கெனவே திருவாரூரில் பரவையாரை மணந்தவர் அவர். எனவே, 'உன்னை விட்டுப் பிரியமாட்டேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துதர வேண்டியிருந்தது. கோயிலின் மகிழ மரத்தடியில் அந்தச் சத்தியம் நடந்தது. இன்றைக்கும் மாசிப் பெருவிழாவில் 'மகிழடி சேவை' என்ற பெயரில் ஒற்றியூர் அதைக் கொண்டாடுகிறது.

காலம் நகர்ந்தது. தென்றல் வீசியது. ஆரூரில் வசந்த விழா நடக்கும் காலமாயிற்றே என்ற நினைவு சுந்தரருக்கு வந்தது. ஆரூர்ப் பெருமானைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. புறப்பட்டுவிட்டார்.

ஒற்றியூரின் எல்லையைத் தாண்டினார். அவ்வளவுதான்... இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது!

சேக்கிழார் இந்த வரலாற்றைப் பெரிய புராணத்தில், ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் விரிவாகச் சொல்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'அப்படியானால் எனக்கு வந்த கஷ்டமும் ஏதோ தவறுக்குத் தண்டனையா?' என்று உங்கள் மனம் கேட்கலாம். வேண்டாம். சுந்தரர் தான் மீறிய சத்தியம் எது என்று தெரிந்தவர். அது அவருடைய கதை. நோயில் படுத்திருப்பவரையும், வேலை இழந்து நிற்பவரையும் பார்த்து, 'நீ என்ன பாவம் செய்தாயோ' என்று கேட்பதற்காக இந்த வரலாறு சொல்லப்படவில்லை. பார்வை போன பிறகு சுந்தரர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கான பாடம்.

அவர் நடந்தார்.

கோலும் மின்னலும்

வட திருமுல்லைவாயில் சென்று, துன்பத்தைப் போக்கும்படி வேண்டிப் பாடினார். பார்வை வரவில்லை. அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் திருவெண்பாக்கம்.

அந்தப் பழைய தலம் இப்போது நீருக்குள் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. பழைய கோயில் இருந்த பகுதி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால், கோயிலை இடம் மாற்றி பூண்டியில் எழுப்பியிருக்கிறார்கள். சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். காரணம் இதுதான்.

சந்நிதிக்கு முன்னால் நின்ற சுந்தரர், 'பெருமானே, கோயிலுக்குள்தான் இருக்கிறீரா?' என்று கேட்டாராம். எத்தனை வேதனை இருந்தால் தோழனைப் பார்த்து இப்படிக் கேட்கத் தோன்றும்! உள்ளேயிருந்து பதில் வந்தது. 'இருக்கிறோம், நீ போகலாம்' என்கிற மாதிரியான பதில். அறிமுகம் இல்லாதவரிடம் பேசுவது போல் ஒரு பேச்சு. கூடவே ஓர் ஊன்றுகோல் கிடைத்தது.

கண் கேட்டவருக்குக் கோல்!

சுந்தரருக்குக் கோபம் வந்துவிட்டது என்கிறது தல வரலாறு. கோலை வீசி எறிந்தார். அது நந்தியின் மேல் பட்டு, ஒரு கொம்பு ஒடிந்தது. இன்றைக்கும் கொம்பு ஒடிந்த நந்தியை அங்கே பார்க்கலாம். பக்கத்திலேயே, கையில் கோலோடு சுந்தரர் நிற்கிறார்.

அம்பாளின் மனம் பொறுக்கவில்லையாம். சுந்தரர் அங்கிருந்து கிளம்பியபோது, மின்னலாக ஒளி காட்டி வழிநடத்தினாளாம். அதனால் அவளுக்கு மின்னொளி அம்பாள் என்று திருநாமம்.

அந்தச் சந்நிதியில் நின்றபோது எனக்கொரு சந்தேகம். பார்வை இல்லாதவருக்கு மின்னல் எதற்கு? அப்புறம் தோன்றியது... கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாலும், பளிச்சென்று மின்னல் வெட்டினால் இமைக்குள் ஒரு வெளிச்சம் வந்து போகுமே! வழி முழுவதும் தெரியாதுதான். அடுத்த அடியை எடுத்து வைக்க அது போதும்.

திருவெண்பாக்கத்தில் சுந்தரர் பாடிய பதிகத்தில் வருத்தம்தான் அதிகம். 'நீ பொறுத்துக்கொள்வாய் என்ற தைரியத்தில்தானே தவறினேன்' என்பது அவருடைய நியாயம். நன்றி என்று ஒரு வார்த்தைகூட அன்றைக்கு வரவில்லை. கடிதம் எழுதிய அம்மா இதைக் கவனிக்க வேண்டும். சமயக் குரவர் நால்வரில் ஒருவருக்கே அன்றைக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை! சாமி அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கோல் கையில் இருந்தது. மின்னல் முன்னால் போனது.

காஞ்சியில் பாதி வெளிச்சம்

திருவாலங்காட்டை வணங்கி, காஞ்சிக்கு வந்தார் சுந்தரர். முதலில் காமகோட்டத்தில் அம்பிகையை வழிபட்டார். பிறகு ஏகம்பத்துக்குப் போனார். அம்பிகை மணலால் லிங்கம் பிடித்து, வெள்ளம் வந்தபோது அதைக் கட்டித் தழுவிக் காப்பாற்றிய தலம் அல்லவா அது! அங்கே மனமுருகி வேண்டினார்.

பார்வை வந்தது. ஆனால், இடது கண்ணில் மட்டும்.

நாமாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'கொடுத்ததுதான் கொடுத்தாய், இரண்டையும் கொடுத்திருக்கக் கூடாதா?' என்று கேட்டிருக்கமாட்டோமா? சென்ற ஊரில் கோலை வீசியவர் சுந்தரர். இங்கே பாதி வரம்தான் கிடைத்திருக்கிறது. இன்னும் பெரிய சண்டை நடந்திருக்க வேண்டும்!

நடந்ததோ வேறு. விழுந்து வணங்கினார். எழுந்தார். ஒரு பதிகம் முழுக்கப் பாடினார். பாட்டுக்குப் பாட்டு ஏகம்பனின் பெருமையைச் சொல்லி, 'இப்படிப்பட்டவரைக் காண எனக்குக் கண் கிடைத்ததே!' என்று வியந்து வியந்து முடிக்கிறார். இன்னொரு கண் எங்கே என்ற கேள்வி அந்தப் பதிகத்தில் இல்லவே இல்லை.

ஒரு கண்ணுக்கு ஒரு முழுப் பதிகம்!

இங்கே ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. சுந்தரருக்கு அன்றைக்குக் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ஒரு கண் இல்லை. உடம்பிலும் நோய். ஆரூருக்கு இன்னும் வெகுதூரம். எல்லாம் சரியான பிறகு மொத்தமாக நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தால், காஞ்சிப் பதிகம் நமக்குக் கிடைத்திருக்காது. ஏன், எப்போதுமே கிடைத்திருக்காது! ஏனென்றால், இரண்டு கண்ணும் கிடைத்த பிறகும் அவருக்குப் பிரச்னை ஓயவில்லை. சங்கிலியாரை மணந்த செய்தி அறிந்த பரவையார், வீட்டுக்குள்ளேயே சேர்க்க மறுத்துவிட்டார். சிவபெருமானே நள்ளிரவில் தூது நடக்க வேண்டியிருந்தது. தூது அனுப்பிய செய்தி கேட்டு, ஏயர்கோன் கலிக்காமர் கொதித்துப்போனார். ஒன்று தீர்ந்தால் ஒன்று... நம் வீட்டைப் போலத்தான்!

ஆரூரில் மறுபடி வழக்கு

காஞ்சியில் இருந்து கிளம்பிய சுந்தரர், பல தலங்களை வணங்கிக்கொண்டு திருத்துருத்திக்கு வந்தார். மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள இன்றைய குத்தாலம்தான் அது. அங்கே இறைவன் சொன்னபடி குளத்தில் மூழ்கி எழ, உடல் நோய் நீங்கியது.

கடைசியில் திருவாரூர். முதலில் பரவையுண்மண்டளியில் வணங்கிவிட்டு, பிறகு திருமூலட்டானத்துக்கு வந்தார். அங்கே பாடினார் பாருங்கள் ஒரு பதிகம்! காஞ்சியில் அத்தனை உருகியவரா இவர் என்று தோன்றும். கண் தெரியாத அடியார் இடித்துக்கொண்டு விழுவதைப் பார்த்தும் சும்மா இருப்பீர்கள் என்றால், நீங்கள் மட்டும் சுகமாக இருந்துகொள்ளுங்கள் என்று வாழ்த்துவது போல் குத்திக்காட்டுகிறார். மற்றொரு கண்ணைத் தரும்படி நேருக்கு நேர் கேட்டேவிடுகிறார். கன்று முட்ட முட்டப் பசுவுக்குப் பால் சுரக்குமே, அந்த உவமையும் இந்தப் பதிகத்தில் வருகிறது. கன்று முட்டுவதைப் பசு குற்றமாகவா நினைக்கும்?

வலது கண்ணும் கிடைத்தது.

இவர்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே ஒரு வழக்கில்தானே! அந்த உரிமை கடைசி வரை போகவில்லை.

ஆக, வெண்பாக்கத்தில் வருத்தம். காஞ்சியில் நன்றி. ஆரூரில் மறுபடி வழக்கு. மூன்றும் ஒரே வாயில் இருந்து, ஒரே தெய்வத்திடம். நன்றி சொன்னதால் கேட்கும் உரிமை போய்விடவில்லை. சண்டை போட்டதால் நன்றி பொய்யாகிவிடவில்லை. கோல், மின்னல், இடது கண், உடல்நலம், வலது கண் என்று அருள் தவணை முறையில்தான் வந்திருக்கிறது. இரண்டாவது கண் வரும்வரை முதல் கண் கிடைத்ததைக் கணக்கில் எழுதாமல் இருக்கவில்லை சுந்தரர்.

வள்ளுவர் வைத்த பெயர்

கல்லூரியில் தமிழ் படித்தபோது எங்கள் பேராசிரியை சொன்ன ஒரு விளக்கம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. திருக்குறளின் 11-வது அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். இன்றைக்கு நாம் 'நன்றி' என்றால் பதிலுக்குச் சொல்லும் வார்த்தை என்று எண்ணுகிறோம். பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. ஆகவே, செய்ந்நன்றி அறிதல் என்றால், நமக்குச் செய்யப்பட்ட நன்மையைத் தெரிந்துகொள்வது.

'அறிதல்' என்று இருப்பதைக் கவனியுங்கள். சந்தோஷப்படுதல் என்று இல்லை. சிரித்த முகமாக இருத்தல் என்றும் இல்லை. மனம் கனத்துப்போயிருக்கும் நாளில் சந்தோஷப்படு என்று யாரும் நமக்கு உத்தரவு போட முடியாது. ஆனால், கண்ணீரோடு இருக்கும்போதும் ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியும். 'இன்றைக்கு எனக்கு இந்த நன்மை நடந்தது' என்று கண்டுகொள்ள முடியும். அதுவே போதும் என்கிறது அந்தத் தலைப்பு.

பூண்டி கோயிலில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். அர்ச்சனைத் தட்டோடு சுந்தரருக்கு எதிரில் நின்றிருந்தவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரு கண்ணுக்குத்தாம்மா ஆகியிருக்கு. இன்னொண்ணைத் தை மாசம் பண்ணலாம்னாங்க. அதுக்கு வேற காசு பார்க்கணும்" என்றார்.

"ரெண்டும் ஆனப்புறம் வந்திருக்கலாமே பாட்டி?"

"அதுக்கு அப்ப வருவேன். இது, இந்தக் கண்ணுக்கு. நேத்து நானே ஊசியில நூல் கோத்தேம்மா!"

அந்தப் பாட்டி காஞ்சிப் பதிகத்தைப் படித்திருப்பாரா, தெரியாது. ஆனால், அவருடைய அர்ச்சனையும் ஒற்றைக் கண்ணுக்கான பதிகம்தானே!

விளக்கடியில் மூன்று வேலை

இப்போது, அந்தக் கடிதத்துக்கான பதில். அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போல் விளக்கின் முன்னால் வாய் அடைத்து நிற்கும் எல்லோருக்கும்தான்.

முதல் வேலை, வருத்தத்தைச் சொல்லிவிடுவது. 'இருக்கிறாயா, இல்லையா?' என்றே கேளுங்கள். சுந்தரர் கேட்ட கேள்விதான் அது. அழுகை வந்தால் அழுங்கள். பூஜை அறையில் நல்ல வார்த்தை மட்டும்தான் பேச வேண்டும் என்று எந்தப் பதிகத்திலும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது, அன்றைக்குக் கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். மனம் அதை நம்பாது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பெண், இரண்டு வாய் கூடுதலாகக் கஞ்சி குடித்த கணவர், கேட்காமலே முருங்கைக்கீரை கொடுத்துவிட்டுப் போன எதிர்வீட்டுக்காரர்... இப்படி ஒன்று. பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்த மாதிரி, நீங்கள் கேட்டதாக இல்லாமலும் இருக்கலாம். முடிந்தால், பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். எதுவுமே தோன்றாத நாளும் வரும். அன்றைக்கு நேற்று எழுதியதைப் படித்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், விளக்கேற்றினோம் என்பதையே எழுதுங்கள். வெண்பாக்கத்தில் இருந்து காஞ்சிக்கு வர சுந்தரருக்கே நடக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, மிச்சத்தைக் கேட்பது. கணவருக்கு ஆரோக்கியம், மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிடைத்ததைச் சொல்லிவிட்டோமே, இன்னும் கேட்டால் பேராசை ஆகுமோ என்ற தயக்கம் வேண்டாம். ஒரு கண்ணுக்கு நன்றி சொன்ன அதே சுந்தரர்தான் மற்றொரு கண்ணுக்கு வழக்குப் போட்டார்.

உறவில், அக்கம்பக்கத்தில் கஷ்டப்படுகிறவர்கள் இருந்தால், அவர்களிடம் போய், 'கடவுளுக்கு நன்றி சொல்' என்று தயவுசெய்து உபதேசம் செய்யாதீர்கள். அது அவர்கள் தாங்களாகப் பாட வேண்டிய பதிகம். நம்மால் முடிந்தது, அவர்கள் கையில் ஒரு கோலைக் கொடுப்பது. ஒரு வேளைச் சாப்பாடு, ஆஸ்பத்திரியில் ஓர் இரவுத் துணை, வேலைக்கு ஒரு சிபாரிசு. நாளைக்கு அவர்களுடைய நோட்டில் அந்த ஒரு வரி நாமாக இருக்கலாம்.

அன்புள்ள சகோதரி, நன்றி சொல்லாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். கோலை வீசி எறிந்தவருக்கே மின்னலைத் துணைக்கு அனுப்பியவள் நம் அம்பாள். உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டாள். பத்து மாதமாக ஒரு நாளும் தவறாமல் விளக்கு ஏற்றுகிறீர்களே, உங்கள் கையில் இருக்கும் கோல் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை ஊன்றிக்கொண்டு இன்று சாயங்காலம் ஓர் அடி எடுத்து வையுங்கள்.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் அந்த 'ஒரு கண்' எதுவானாலும் எழுதுங்கள். ஊசியில் நூல் கோத்த கதையாக இருந்தாலும் சரி, காத்திருக்கிறேன்!

தலக் குறிப்பு

தலம்: திருவெண்பாக்கம் (இன்றைய பூண்டி, திருவள்ளூர் மாவட்டம்)

சுவாமி: ஊன்றீஸ்வரர்

அம்பாள்: மின்னொளி அம்பாள்

சிறப்பு: சுந்தரர் பாடல் பெற்ற தலம். கையில் கோலோடு நிற்கும் சுந்தரரையும், கொம்பு ஒடிந்த நந்தியையும் தரிசிக்கலாம்.

எப்படிச் செல்வது?: ரயிலில் வருபவர்கள் திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகப் பூண்டிக்குச் செல்லலாம்.